சாமி இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால்

நம் ஊரில் யாரும் "கடவுளை நம்புகிறீர்களா?" என்று கேட்பதில்லை. "சாமி கும்பிடுவீங்களா?" என்றுதான் கேட்பார்கள். சம்பந்தம் பேச வந்தவருக்கும் வீடு வாடகைக்கு விடுகிறவருக்கும் உங்கள் மனத்துக்குள் என்ன ஓடுகிறது என்பது முக்கியமில்லை. விளக்கேற்றுவீர்களா, விரதம் இருப்பீர்களா, ஊர்த் திருவிழாவுக்கு வரி கொடுப்பீர்களா, இவ்வளவுதான் தெரிய வேண்டும். நம்பாமல் கும்பிடுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். நம்பியும் கோயில் வாசலை மிதிக்காதவர்களும் உண்டு.

மத நம்பிக்கை மீது முதன்முதலாக ஐயம் வரும்போது இந்த வேறுபாடு மறந்துபோகிறது. ஒரே ஒரு கேள்வி எழுந்திருக்கும். அதற்காகப் பூசை, பண்டிகை, சொந்தபந்தம் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் உதறுகிறவர்கள் இருக்கிறார்கள். கேள்வியையே பாவம் என்று விழுங்கிவிட்டு, பத்து வருடம் கழித்து வெறுப்பாகக் கக்குகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே தேவையில்லாத நட்டம். கடவுள் உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது இங்கே நோக்கமில்லை. ஐயத்தை எப்படிக் கையாள்வது என்பது மட்டும்.

மூட்டையைப் பிரிப்பது

"நம்பிக்கை" என்ற ஒரு சொல்லுக்குள் தமிழில் குறைந்தது மூன்று பொருள் இருக்கிறது. "கடவுள் இருக்கிறார் என்று நம்புகிறேன்" என்பது ஒரு கருத்து. "அவன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டேன்" என்பது உறவு. "எல்லாம் நல்லபடியா நடக்கும்னு நம்பிக்கை இருக்கு" என்பது எதிர்பார்ப்பு. கருத்து ஆட்டம் கண்டவர்களில் பலர் இன்னும் அந்த உறவில்தான் இருக்கிறார்கள். எதிர்பார்ப்பு உடைந்தவர்களோ பெரும்பாலும் கருத்தைப் பற்றி யோசித்ததே இல்லை.

இதோடு மதம் வேறு நான்கைந்து பொருள்களைச் சேர்த்துக் கட்டித் தருகிறது: நாளையும் வாரத்தையும் வருடத்தையும் பிரித்துத் தரும் சடங்கு, கூடி நிற்க ஒரு கூட்டம், எது சரி எது தப்பு என்ற கணக்கு, சாவு வீட்டில் சொல்ல நாலு வார்த்தை. இவை எல்லாம் ஒரே மூட்டையில் வந்ததால் ஒன்று போனால் எல்லாம் போகும் என்று தோன்றுகிறது. அப்படிப் போக வேண்டிய கட்டாயம் இல்லை.

இதற்கு நம் பக்கத்திலேயே நல்ல உதாரணம் வள்ளலார். முருகனையும் சிவனையும் உருகி உருகிப் பாடியவர். 1873 அக்டோபர் 22 அன்று மேட்டுக்குப்பத்தில் சன்மார்க்கக் கொடி ஏற்றிவிட்டுப் பேசும்போது, சைவ சமயத்தின் மேல் தமக்கு முன்பிருந்த பற்று அளவிட முடியாதது என்றும், அது இப்போது போய்விட்டது என்றும், அன்று அப்படி இருந்ததற்குக் காரணம் அப்போது தமக்கு அறிவு கொஞ்சமாக இருந்ததுதான் என்றும் கூட்டத்தின் முன் சொல்கிறார். தாம் முன்பு பாடியதையே குறைத்துப் பேசும் துணிவு அது. ஆனால் அவர் விட்டது சமயத்தை. கடவுளை விடவில்லை, அருட்பெருஞ்சோதியாக வைத்துக்கொண்டார். சடங்கு இருந்த இடத்தில் சோறு போடும் வேலையை வைத்தார். 1867 மே 23 அன்று வடலூர் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. மூட்டையைப் பிரித்து எதை வைத்துக்கொள்வது, எதை இறக்குவது என்று பார்த்ததற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தமிழில் இல்லை என்பது எங்கள் எண்ணம்.

ஐயம் எந்த வாசல் வழியாக வந்தது

பொதுவாக மூன்று வாசல்கள்.

ஒன்று, துன்பம். குழந்தை இறந்துவிடுகிறது, வேண்டாத தெய்வமில்லை, பலிக்கவில்லை. இந்த இடத்தில் எழுவது பெரும்பாலும் கோபம். ஐயம் பிறகுதான் வரும், வராமலும் போகலாம். கோபம் பக்திக்கு எதிரியல்ல. கண்பார்வை போன சுந்தரர் திருவாரூரில் நின்று, நாங்கள் இப்படித் தவிக்க நீர் மட்டும் நன்றாக "வாழ்ந்து போதீரே" என்று சிவனையே ஏசுகிறார். அந்தப் பதிகத்தைத் திருமுறையிலிருந்து யாரும் நீக்கவில்லை, இன்றும் ஓதுகிறார்கள். விவிலியத்தில் அடிமேல் அடிபட்ட யோபுவின் வாயும் சும்மா இருக்கவில்லை, கடவுளிடமே முறையிடுகிறது. ஆகவே துக்கத்தில் இருப்பவர் "சாமியே இல்ல" என்று கத்தினால் அதைக் கொள்கை அறிவிப்பாக எடுத்துக்கொண்டு கர்மவினை விளக்கம் சொல்லாதீர்கள். ஆத்திகர் செய்கிற தவறு இது. "இப்பவாவது புரிஞ்சுதா?" என்று நாத்திகம் பேச வருகிறவர் செய்கிற தவறும் இதே வகைதான்.

இரண்டு, அநீதி. தேர் எங்கள் தெருவுக்கு வராது, கருவறைக்குள் இன்னார்தான் போகலாம், மாதவிலக்கு என்றால் ஒதுங்கு. இங்கே பிரச்சினை கடவுள் இருக்கிறாரா என்பதில் இல்லை. அவர் பெயரில் நடக்கும் கணக்கில் இருக்கிறது. இந்து மதத்தில் பிறந்துவிட்டேன், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அம்பேத்கர் யேவலாவில் அறிவித்தது 1935 அக்டோபர் 13. நாகபுரியில் பௌத்தம் தழுவியது 1956 அக்டோபர் 14. இடையில் 21 வருடம். இங்கே அயோத்திதாசர் 1898இலேயே பௌத்தம் சென்றவர். இருவருமே மதம் என்ற அமைப்பைத் தூக்கி எறியவில்லை. நியாயமான ஒன்றைத் தேடினார்கள். பெரியார் அதே அநீதியைப் பார்த்துக் கடவுளே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தார். வாசல் ஒன்று, போய்ச் சேர்ந்த இடம் வேறு.

மூன்று, கருத்து. உயிர்களின் தோற்றம் பற்றிப் படிக்கிறோம், பல மதங்கள் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசுவதைக் கவனிக்கிறோம். இது மட்டுமே வாதத்தால் தீரக்கூடிய வகை.

உங்கள் ஐயம் எந்த வாசல் வழியாக வந்தது என்று ஒரு தாளில் ஒரு வரி எழுதிப் பாருங்கள். துன்பத்தால் வந்தவருக்கு விஞ்ஞானப் புத்தகம் ஆறுதல் தராது. கருத்தால் வந்தவருக்குத் திருப்பதி நடைப்பயணம் பதில் தராது. ஊரார் தரும் மருந்து பலிக்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த மாறாட்டம்தான்.

காரணமே தெரியாமல் பக்தி வற்றிப்போவதும் உண்டு. அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007இல் நூலாக வந்தபோது, அவர் பல பத்தாண்டுகள் உள்ளுக்குள் இருளில் இருந்தது தெரிந்து உலகமே திகைத்தது. அவர் வேலையை நிறுத்தவில்லை.

எப்படித் தெரியும்?

கருத்து வழியாக ஐயம் வந்தவர்களுக்கு நம் பழைய தருக்கம் ஒரு நல்ல கருவியை வைத்திருக்கிறது. அதன் பெயர் அளவை. ஒரு செய்தி உண்மை என்று எந்த வழியில் தெரிந்துகொண்டாய் என்பதுதான் அளவை. சைவ சித்தாந்தம் மூன்றை முக்கியமாக எடுத்துக்கொள்கிறது: காண்டல், கருதல், உரை. கண்ணால் கண்டது, கண்டதை வைத்து ஊகித்தது, நம்பத்தக்கவர் சொன்னது. மணிமேகலையின் 27ஆவது காதையில் இந்தப் பட்டியல் பத்து வரை நீள்கிறது. தொடங்குகிறவருக்கு மூன்று போதும்.

ஒரு நோட்டை எடுத்து, உங்கள் நம்பிக்கைகளில் பத்தை வரிசையாக எழுதுங்கள். "மறுபிறவி உண்டு", "குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்காவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது", "பொய் சொல்லக் கூடாது", "செவ்வாய்க்கிழமை முடி வெட்டக் கூடாது" என்று பெரியதும் சிறியதும் கலந்தே வரட்டும். ஒவ்வொன்றின் எதிரே காண்டலா, கருதலா, உரையா என்று குறியுங்கள். உரை என்றால் யார் சொன்னது என்றும் எழுதுங்கள். பாட்டியா, புத்தகமா, வாட்ஸ்அப்பா? முதல்முறை செய்கிறவருக்கு பெரும்பாலானவை உரையாகவே இருப்பது தெரியும்போது சற்று அதிர்ச்சியாக இருக்கும். பொறுங்கள். பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள தூரமும் உங்களுக்கு உரைதான். உரை என்பதாலேயே பொய் ஆகிவிடாது. சொன்னவர் எப்படித் தெரிந்துகொண்டார், தவறு என்றால் அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. தூரத்தைக் கணக்கிட்டவர் செய்முறையைச் சொல்லியிருக்கிறார். வேறொருவர் செய்து பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை முடிவெட்டுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் புதிதாக ஐயம் கொண்டவர்கள் ஒரு பள்ளத்தில் விழுவார்கள்: "இனி கண்ணால் கண்டதை மட்டும்தான் ஏற்பேன்." மணிமேகலையின் அதே காதையில், வஞ்சி நகரில், எல்லாம் ஐம்பூதங்களின் சேர்க்கையே என்று வாதிடும் பூதவாதி இதைத்தான் சொல்கிறான். ஆத்திப்பூவையும் கருப்பட்டியையும் கலந்தால் கள்ளின் வெறி பிறப்பதுபோல் ஐம்பூதம் கூடினால் உணர்வு பிறக்கும், பிரிந்தால் போகும், மறுமை பொய், காட்சி ஒன்றே அளவை என்கிறான். உணர்வைப் பற்றிய அவன் கருத்து இன்றைக்கும் சுவாரசியமானது. ஆனால் மணிமேகலை ஒரே கேள்வியில் அவன் அளவையை ஆட்டிவிடுகிறாள்: உன் தாய் தந்தையரை ஊகத்தால் அல்லாமல் வேறு எந்த வழியில் அறிந்தாய்? தான் பிறந்ததை யார் கண்ணால் கண்டார்கள்!

இதற்கு எதிர்ப்புறத்தில் இன்னொரு பள்ளம். கேசபுத்தம் என்ற ஊரில் வாழ்ந்த காலாமர் என்ற மக்களுக்குப் புத்தர் சொன்ன அறிவுரையை இணையத்தில் "யார் சொன்னாலும் நம்பாதே, உன் பகுத்தறிவுக்குப் பட்டதை மட்டும் ஏற்றுக்கொள்" என்று சுருக்கிப் பகிர்கிறார்கள். மூலத்தில் அப்படி இல்லை. எவற்றை மட்டும் வைத்து ஒன்றை ஏற்கக் கூடாது என்று அங்கே பத்து காரணங்கள் வருகின்றன. கேள்விப்பட்டது, வழிவழியாக வந்தது, நூலில் இருப்பது, இவர் நம் குரு என்பது ஆகியவற்றோடு, தருக்கம் என்பதும், நமக்கு ஏற்கெனவே பிடித்த கருத்தோடு ஒத்துப்போகிறது என்பதும் அதே பட்டியலில் இருக்கின்றன. கடைசியில் சொன்னதுதான் நம் எல்லோரையும் வீழ்த்துவது. கடைப்பிடித்தால் தனக்கும் பிறருக்கும் தீங்கா நன்மையா, அறிந்தோர் பழிப்பார்களா என்று பார்க்கச் சொல்கிறார். உங்கள் புத்தியும் சோதனைக்கு உட்பட்டதே.

எதிர்த் தரப்பை எப்படிப் படிப்பது என்பதற்குச் சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலின் பரபக்கம், அதாவது பிறர் கொள்கைகளை ஆராயும் பகுதி, ஒரு முறை வைத்திருக்கிறது. கண்ணால் காணும் உலகம் மட்டுமே உண்மை என்னும் உலகாயதம் தொடங்கி ஒவ்வொரு சமயத்தின் கருத்தையும் முதலில் அவர்கள் சொல்கிறபடி நிறுத்தி வைத்துவிட்டு, பிறகுதான் மறுக்கிறார் அருணந்தி சிவாச்சாரியார். மறுப்பு உங்களுக்கு ஒப்பாமல் போகலாம், ஒழுங்கு அருமையானது. எதிர்த் தரப்புக்காரர் கேட்டு "ஆமாம், நான் சொல்வது இதுதான்" என்று தலையாட்டும்படி உங்களால் சொல்ல முடியாத வரை அதை மறுக்கத் தொடங்காதீர்கள்.

ஒரு நேரத்தில் ஒன்று

ஐயம் செயலில் இறங்கும்போது ஒரே ஒரு விதி: ஒரே சமயத்தில் இரண்டை மாற்றாதீர்கள். ஒன்றை நிறுத்தி ஒரு மண்டலம், அதாவது 48 நாள், கவனியுங்கள். வெள்ளிக்கிழமை கோயில் போவதை நிறுத்துகிறீர்கள் என்று வையுங்கள். மூன்றாவது வாரத்தில் ஏதோ வெறுமை. "சாமி கூப்பிடுகிறது" என்பார் அம்மா. "பழக்கதோஷம்" என்பான் நண்பன். இரண்டு பேரையும் நிறுத்திவிட்டு, அந்த வெள்ளிக்கிழமை மாலையில் உண்மையில் என்னென்ன இருந்தன என்று பிரித்துப் பாருங்கள். இருபது நிமிட நடை. செல்போனைப் பையில் வைத்துவிட்டு அரைமணி நேரம் உட்கார்ந்தது. பூக்கார அக்காவிடம் நாலு வார்த்தை. பிரகாரத்தில் கல் குளிர்ச்சி. குளித்து நல்ல உடுப்பு உடுத்தியது. இவற்றில் எது போனதால் வெறுமை? ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தால் தெரிந்துவிடும். எல்லாவற்றையும் திருப்பி வைத்தும் வெறுமை தீரவில்லை என்றால், விட்டுப்போனது சன்னதிக்கு முன் நின்ற அந்தக் கணம்தான். அதையும் நேர்மையாக நோட்டில் எழுதுங்கள். திரும்பிப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாக்தாதில் பெரும் புகழோடு கற்பித்துக்கொண்டிருந்த இஸ்லாமிய அறிஞர் இமாம் கஸ்ஸாலி 1095இல் வாய் பேச வராமல் போய், பதவியை விட்டு அலைந்து, ஐயத்தைக் கடந்து மீண்டும் நம்பிக்கைக்கே வந்தவர்.

பொருள் என்கிற இன்னொரு கேள்வி

கடவுள் உண்டா என்பதும் வாழ்க்கைக்குப் பொருள் உண்டா என்பதும் தனித்தனிக் கேள்விகள். மதம் இரண்டுக்கும் ஒரே பதில் தந்ததால் ஒட்டிக்கொண்டன. உளவியலில் வாழ்வின் பொருள் என்பதை மூன்றாகப் பிரிக்கிறார்கள். நடப்பது எனக்குப் பிடிபடுகிறது என்ற புரிதல். எதை நோக்கியோ போகிறேன் என்ற நோக்கம். நான் இருப்பதும் ஒரு பொருட்டுதான் என்ற மதிப்பு. ஐயம் வந்தவருக்கு முதலில் அடிபடுவது புரிதல் என்று தோன்றும், ஏனென்றால் வாதம் எல்லாம் அதைப் பற்றித்தான். ஆனால் கவனித்துப் பார்த்தால் வலிப்பது பெரும்பாலும் மூன்றாவது. திருவிழாவில் மண்டகப்படிக்கு உங்கள் வீட்டு முறை என்று ஒன்று இருந்தது. ஞாயிறு பூசையில் உங்களுக்கென்று ஒரு பெஞ்சு இருந்தது. நீங்கள் வராவிட்டால் யாரோ கேட்டார்கள். அது போன பிறகு எத்தனை தத்துவம் படித்தாலும் நிரம்பாது. வாரம் ஒருமுறை, நீங்கள் வராவிட்டால் யாராவது "ஏன் வரல?" என்று கேட்கக்கூடிய ஓர் இடம் வேண்டும். நூலகமோ இரத்ததானக் குழுவோ பறை வகுப்போ, எதுவாகவும் இருக்கலாம். மாதம் ஒருமுறை என்றால் பிடிக்காது, வாரம் வேண்டும்.

புரிதல் முழுமையாகாமலேயே வாழ முடியும் என்பதற்குப் புறநானூற்றின் 194ஆம் பாட்டைப் பாருங்கள். ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மண முழவு. ஒருத்தி பூச்சூட, ஒருத்தி கண்ணீர் விட. இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று பக்குடுக்கை நன்கணியார் நேரடியாகவே திட்டிவிட்டு, உலகம் இன்னாதது, அதன் இயல்பை உணர்ந்தவர்கள் இனியதைக் காணுங்கள் என்று முடிக்கிறார். படைத்தவனோடு கணக்குத் தீரவில்லை. ஆனாலும் இனியதைத் தேடச் சொல்கிறார்.

ஓர் எச்சரிக்கை. எதிலும் பொருளில்லை என்ற நினைப்போடு தூக்கம், பசி, பிடித்த வேலையில் ஆர்வம் ஆகியவையும் இரண்டு வாரத்துக்கு மேல் குறைந்திருந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அப்போது முதலில் பார்க்க வேண்டியது மருத்துவரை, தத்துவம் காத்திருக்கும். இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 ஆகிய மனநல உதவி எண்களை அழைக்கலாம்.

இன்னொன்று, இந்தக் காலத்தில்தான் புதிய குருமார்கள் எளிதாகக் கிடைப்பார்கள். முகாம் முடிந்த கையோடு அடுத்த படிக்குப் பணம், உள்ளே நடப்பதை வெளியே சொல்லாதே, வீட்டார் உனக்குத் தடை. இந்த மூன்றில் இரண்டு கேட்டாலே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பலாம். பகுத்தறிவு பேசும் கூட்டத்துக்கும் இதே அளவுகோல்தான்.

வீட்டில்

பரீட்சைக்குக் கிளம்பும்போது பாட்டி திருநீற்றுக் கிண்ணத்தோடு வருகிறார். மூன்று விரல் நெற்றியை நோக்கி வருகிறது. கொள்கையில் உறுதியான பேரன் முகத்தைத் திருப்புகிறான். அந்த விரல்கள் ஒரு நொடி காற்றில் நிற்கின்றன. எங்களைக் கேட்டால், குனிந்து வாங்கிக்கொள்வதில் பொய் எதுவும் இல்லை. அங்கே நடப்பது பாட்டியின் வேண்டுதல். உங்கள் வாக்குமூலம் அல்ல. ஆனால் அதே பாட்டி, வேலைக்கு வருகிறவருக்குத் தனி டம்ளர் என்று சொன்னால் அங்கே குனியக் கூடாது. அன்பைச் சுமந்து வரும் சடங்குக்கும் இன்னொருவரைத் தாழ்த்தும் சடங்குக்கும் ஒரே பதில் இல்லை.

அறிவிப்பதற்கு நேரம் முக்கியம். திதி அன்றும், கலியாணப் பேச்சு நடக்கும்போதும், யாராவது ஆஸ்பத்திரியில் இருக்கும்போதும் வேண்டாம். "சாமி இல்லை" என்று தொடங்காமல், "எனக்கு இதில் மனசு ஒட்டலை, நான் வந்து கூட நிற்கிறேன், செய்யறதை நீங்க செய்யுங்க" என்று தொடங்கினால் பாதி சண்டை நடக்காது. முதல் ஒரு வருடம் வாதத்துக்கு அழைத்தாலும் போகாதீர்கள். பெற்றோருக்குக் கேட்பது உங்கள் தருக்கமல்ல, "எனக்குக் கொள்ளி வைப்பானா?" என்ற கேள்விதான். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுங்கள்.

காகிதத்தில் பெரிதாக எதுவும் மாறுவதில்லை. நம்பாதவரும் இந்து திருமணச் சட்டத்தின் கணக்கில் இந்துவே. சடங்கில்லாத மணம் வேண்டுமென்றால், அச்சட்டத்தில் தமிழ்நாடு 1967இல் சேர்த்த 7-ஏ பிரிவின்படி உற்றார் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றினாலே செல்லும், புரோகிதர் வேண்டாம். வெவ்வேறு மதத்தவர் என்றால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்: 30 நாள் அறிவிப்பு, மூன்று சாட்சி. மதம் மாறுவது மட்டும் யோசித்துச் செய்ய வேண்டியது. பட்டியல் சாதி நிலை இந்து, சீக்கியர், பௌத்தர் அல்லாதவர்க்கு இல்லை.

கருத்து போன பிறகும் தங்குவது பயம். "சாமி கண்ணைக் குத்தும்" என்பதை மூன்று வயதில் கேட்டோம். வாதம் இருபது வயதில் வந்தது. பயத்துக்கு மூப்பு அதிகம். நேர்த்திக்கடனை விட்ட மாதத்தில் பைக்கில் விழுந்தால் வீடே இரண்டையும் முடிச்சுப் போடும். கடனை விட்டு விபத்து, செலுத்தி நலம் என்ற இரண்டு கட்டத்தை மட்டும்தான் வீடு எண்ணும். நோட்டில் இன்னும் இரண்டு கட்டம் போடுங்கள்: கடனைச் செலுத்திய பிறகும் நடந்த விபத்துகள், செலுத்தாமலும் ஒன்றும் நடக்காத மாதங்கள். நாலு கட்டமும் நிரம்பினால் முடிச்சு தானாகத் தளரும். ஒரே நாளில் அல்ல, மெல்ல.

பிள்ளைகள் இருந்தால் ஒருநாள் கேட்கத்தான் போகிறார்கள்: "சாமி நெஜமா இருக்கா?" ஆத்தா இருக்குன்னு சொல்றாங்க, எனக்குத் தெரியலை, உனக்கு என்ன தோணுது என்று திருப்பிக் கேட்டால் போதும். ஐந்து வயதுக் குழந்தை அதற்கு மேல் அந்தப் பேச்சில் நிற்காது. "அப்போ கோயில் கொடைக்கு ஊருக்குப் போவோம்ல?" என்பதுதான் அதன் அடுத்த கேள்வியாக இருக்கும். அதற்கு "போவோம்" என்று உடனே சொல்லுங்கள்.